பம்பர் உரசலுக்கு கிளெய்ம் போடலாமா? ஜீரோ டெப் கார் பாலிசிக்கு என் மதிப்பெண்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஜீரோ டெப்ரிசியேஷன் (சுருக்கமாக ஜீரோ டெப்: மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் பிடிக்காத கூடுதல் கவர்) சேர்த்த கார் பாலிசிக்கு, வண்டி பலமாக அடிவாங்கும்போது ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். என் தம்பியின் வண்டி முன்பக்கம் நொறுங்கியபோது அது எப்படிக் கைகொடுத்தது என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். சின்ன உரசல், சொட்டை என்று வந்தால் அதே பாலிசிக்கு இரண்டு மதிப்பெண்தான். கிளெய்ம் போட்டால் அடுத்தடுத்த வருடங்களில் எவ்வளவு கூடுதலாகக் கட்டவேண்டி வரும் என்பதை பாலிசியிலும் சொல்வதில்லை, ஆப்பிலும் சொல்வதில்லை, சர்வீஸ் சென்டரிலும் சொல்வதில்லை. நாமே பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு. கணக்கு எழுதுவது என் பிழைப்பு என்பதால் போட்டுப் பார்த்தேன்.

சேதம் இதுதான். அலுவலகத்தில் நிறுத்தியிருந்த காரின் பின்பக்க இடது மூலையை யாரோ உரசிவிட்டுப் போயிருந்தார்கள். பம்பர் மூலையில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அதற்கு மேலே குவார்ட்டர் பேனலில் (பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகடு) உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டை. சுற்றிலும் கிளியர் கோட் உரிந்து பிரைமர் தெரிந்தது. பூட் மூடித் திறப்பதில் சிக்கல் இல்லை, டெயில் லேம்பும் தப்பித்தது. கேமரா இருக்கிறது, அதற்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு தூணும் இருக்கிறது. ஆக, இடித்தவர் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எதிராளியின் தேர்டு பார்ட்டி பாலிசியில் இதற்குப் பணம் வாங்குவது என்பது போலீஸ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று இழுத்துக்கொண்டே போகும். பத்தாயிரத்துக்குள் முடிகிற சேதத்துக்கு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நின்ற இடத்தில் பேசி முடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஆப்பைப் பற்றி நல்ல வார்த்தை. கிளெய்ம் பதிவு செய்வது நிஜமாகவே சுலபம். நாலு பக்கமும் போட்டோ, ஆர்சி, லைசென்ஸ், எங்கே எப்போது என்று ஒரு வரி, அவ்வளவுதான். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வீடியோ கால் செய்து, "மேடம், கொஞ்சம் கிட்ட காட்டுங்க, பம்பருக்கு உள்ளே பிராக்கெட் தெரியுதா பார்க்கணும்" என்று பொறுமையாகப் பார்த்தார். இந்தப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதிவு செய்தாலே நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, போய்விடும் என்று பலர் பயந்துகொண்டு தகவலே சொல்வதில்லை. சேதத்தை உடனே தெரிவிக்கவேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. நாலு வாரம் யோசித்துவிட்டுப் போய் நின்றால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். நான் பதிவு செய்தவுடனே, பணம் எதுவும் கைமாறாமல் கிளெய்மைத் திரும்பப் பெற்றால் போனஸ் என்ன ஆகும் என்று மின்னஞ்சலில் கேட்டேன். பட்டுவாடா இல்லையென்றால் போனஸ் அப்படியே இருக்கும் என்று எழுத்தில் பதில் வந்தது. உங்கள் கம்பெனியிலும் இதை எழுத்திலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்வது காற்றோடு போய்விடும்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். ஏசி போட்ட காத்திருப்பு அறை, காபி எல்லாம் பிரமாதம். எஸ்டிமேட்: புது பம்பர், பம்பருக்குப் பெயிண்ட், குவார்ட்டர் பேனலுக்கு டிங்கரிங், பெயிண்டிங், கிளிப்புகள், வரி எல்லாம் சேர்த்து 16,900 ரூபாய். "நீங்க ஆயிரம் ரூபாதான் மேடம் கட்டணும், மிச்சம் கேஷ்லெஸ்" என்றார் அட்வைசர். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது நம் கையிலிருந்து போடவேண்டிய பங்கு, ஒரு கிளெய்முக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஜீரோ டெப் இருப்பதால் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பம்பரில் பாதி நம் தலையில் விழும். உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துப் பிடிப்பார்கள். மூன்று வயது தாண்டி நாலு முடியாத வண்டிக்கு 25 சதவீதம். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக வைத்து, அதிலும் பாதியைக் கழிப்பார்கள்.

இதுவரை சரி. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முன் கதவுல ஒரு பழைய கீறல் இருக்கு பாருங்க, அதையும் இதிலேயே சேர்த்துடலாம்" என்றார். அங்கேதான் எனக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை விட்டது. வேறு நாளில், வேறு இடத்தில் பட்ட கீறல் வேறு சம்பவம், வேறு கிளெய்ம், அதற்குத் தனிக் கழிவு. ஒரே இடியில் பின் மூலையும் எதிர்ப்பக்க முன் கதவும் எப்படி அடிபட்டன என்று சர்வேயர் கேட்டால் பதில் சொல்லவேண்டியது படிவத்தில் கையெழுத்துப் போட்ட நான். அவர் இல்லை. அவருக்கு பில் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். நோ கிளெய்ம் போனஸ் என்ற வார்த்தை கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தியாவில் போனஸ் படிக்கட்டு பொதுவாக ஒன்றுதான். கிளெய்ம் இல்லாத முதல் வருடம் முடிந்தால் 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, கடைசியில் 50. அதோடு நின்றுவிடும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்ஜியம், மறுபடி முதல் படியிலிருந்து ஏறவேண்டும். இந்தத் தள்ளுபடி சொந்தச் சேதத்துக்கான ஓடி பிரீமியத்தில் மட்டும்தான். தேர்டு பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிப்பது (1000 முதல் 1500 சிசி காருக்கு 2022 ஜூனில் வைத்தது 3,416 ரூபாய்); அதை இந்தப் போனஸ் தொடாது. ஆகவே, பாலிசியின் மொத்தத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பிரீமியம் விவரத்தில் ஓடி என்ற வரியில், போனஸ் கழிப்பதற்கு முன் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள்.

என் விஷயத்தில் அது 8,000 ரூபாய். இப்போது 35 சதவீதத்தில் இருக்கிறேன், அடுத்து 45. கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 4,400 கட்டுவேன். போட்டால் முழு 8,000. வித்தியாசம் 3,600. பலர் இங்கேயே கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதற்கடுத்த வருடம் நான் 50-இல் இருக்கவேண்டியவள், 20-இல் இருப்பேன்: 2,400 நஷ்டம். அடுத்து 25-இல்: 2,000. அடுத்து 35-இல்: 1,200. அடுத்து 45-இல்: 400. ஆறாவது வருடம்தான் இரண்டு பாதையும் 50-இல் சேர்கின்றன. மொத்தம் 9,600. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பதினோராயிரத்துச் சொச்சம்.

இதையே சதவீதமாக வைத்துக்கொண்டால் எந்த வண்டிக்கும் பொருத்திப் பார்க்கலாம். என் படியில் ஒரு கிளெய்மின் விலை, ஒரு வருட ஓடி பிரீமியத்தில் 120 சதவீதம். போனஸே இல்லாத முதல் வருடத்தில் இருப்பவருக்கு வெறும் 50 சதவீதம். 20-இல் இருப்பவருக்கு 80, 25-இல் இருப்பவருக்கு 105, 45-இலோ 50-இலோ இருப்பவருக்கு 125. அதாவது புது வண்டிக்காரர் முதல் வருடத்திலேயே கிளெய்ம் போடுவது மலிவு. வருடக்கணக்காகப் பத்திரமாக ஓட்டியவர் போடுவதுதான் விலை அதிகம். அதே நேரம் வண்டி பழசாக ஆக ஐடிவி (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) இறங்கும், ஓடி பிரீமியமும் பொதுவாகக் கூடவே இறங்கும். எட்டு வயது வண்டியில் 50 சதவீதம் என்று பெருமையாகச் சொன்னாலும், ரூபாயில் அது சில ஆயிரம்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் போனஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரிய செலவைக் கையிலிருந்து போடத் தேவையில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்த 120, 125 எல்லாம் உச்ச வரம்பு. அடுத்த ஐந்து வருடமும் வேறு கிளெய்மே வராது என்று வைத்துப் போட்டது. நடுவில் எப்படியும் பெரிதாக ஒன்று வந்து போனஸ் போனால், அதற்குப் பிறகான இழப்பை இந்தச் சொட்டையின் கணக்கில் எழுதக்கூடாது. அதேபோல, இதே பாலிசி வருடத்தில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டவருக்குப் போனஸ் போய்விட்டது. இரண்டாவதால் மேலும் போவதற்கு அதில் ஒன்றுமில்லை. கழிவு 1,000 ரூபாயையும், ஜீரோ டெப்பை வருடத்துக்கு எத்தனை முறை தருகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போடலாம். பல பாலிசிகளில் அது இரண்டு முறைதான்.

இவ்வளவு பார்த்த பிறகும், 16,900 பெரிதா 11,000 பெரிதா என்று கேட்டால் கிளெய்ம்தான் லாபம் என்று தோன்றும். நானும் அந்த இடத்தில் நின்றேன். ஆனால் கிளெய்ம் போடாவிட்டால் நான் 16,900 செலவழிக்கப் போவதில்லையே. என் கையிலிருந்து போவது பட்டறைச் செலவுதான். ஆகவே எங்கள் வண்டிக்கு எப்போதும் வேலை செய்கிற டிங்கரிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

மேஸ்திரி பம்பரை விரலால் அழுத்திப் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் துழாவினார். "பம்பர் எதுக்குக்கா மாத்தணும்? ரெண்டு காது உடைஞ்சிருக்கு, ஒரு வெடிப்பு. பிளாஸ்டிக் வெல்டு வச்சா போதும்" என்றார். 5,500 ரூபாய், பெயிண்ட் உட்பட. நான் பேரம் பேசவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: கலர் கோடு பார்த்துத்தான் கலக்கவேண்டும்.

இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தது இந்தச் செலவிலேயே எனக்குப் பிடித்த பகுதி. பம்பரைக் கழற்றி, வெடிப்பின் பின்பக்கம் வளைந்த சின்னக் கம்பிகளைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்குக்குள் பதித்தார்கள், தையல் போட்டதுபோல. மேலே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்பி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர். குவார்ட்டர் பேனல் சொட்டையைப் பின்னாலிருந்து தள்ள இடமில்லாததால் வெளியே இழுத்து, மிச்சத்துக்குப் பட்டி பார்த்தார்கள். பட்டி எவ்வளவு தடிமன் என்பதுதான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம். அள்ளி அப்பினால் ஒரு வருடத்தில் வெடிக்கும். இவர் தேய்த்துத் தேய்த்துத் தகட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். கலர் கலந்துவந்ததும் முதலில் ஒரு சின்னத் தகட்டில் அடித்து, வெயிலில் பேனலோடு வைத்துப் பார்த்தார்கள். மெட்டாலிக் சாம்பல் நிறம் டியூப் லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும், ஏமாற்றுக்கார நிறம். முடிந்தபின் பார்த்தால் குவார்ட்டர் பேனல் அச்சாக இருக்கிறது. பம்பர் ஒரு சாயல் வெளுப்பு. உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த வித்தியாசம் கொஞ்சம் இருப்பது உண்டு என்றார் மேஸ்திரி. இது கொஞ்சத்துக்கும் கொஞ்சம் அதிகம். தெரிந்து பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. பட்டறைக்கு நாலு மதிப்பெண்.

இப்போது கணக்கு நேராகிவிடுகிறது. கிளெய்மால் எனக்கு மிச்சமாகியிருக்கக்கூடியது 5,500-இல் கழிவு ஆயிரம் போக 4,500. அடுத்த ஒரே வருடத்தின் போனஸ் இழப்பு 3,600, வரியோடு 4,248. முதல் வருடத்திலேயே லாபம் கிட்டத்தட்டக் கரைந்துவிடுகிறது. இரண்டாவது வருடத்திலிருந்து சுத்த நஷ்டம். கிளெய்மைத் திரும்பப் பெற்றேன்.

என் முடிவை இறுக்கிய காரணம் இன்னொன்று: அடுத்த வருடம் வண்டியை மாற்றும் யோசனை இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, சொந்தக்காரருக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியில் என்சிபி (நோ கிளெய்ம் போனஸ்) சான்றிதழ் வாங்கிக்கொண்டால் புது வண்டியின் ஓடி பிரீமியத்தில் அதே சதவீதம் கிடைக்கும். மூன்று வருடம் வரை அது செல்லும். புது வண்டிக்கு ஓடி பிரீமியம் 20,000 என்றால் 45 சதவீதம் என்பது 9,000 ரூபாய். சொட்டைக்காக இதை விடுவேனா? விற்கும்போது வாங்குபவரிடம் ஆர்சியோடு பாலிசியையும் கொடுத்துவிட்டு, போனஸைப் பற்றி நினைக்காமலே வருகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதோடு, பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சேர்த்த போனஸ் மொத்தமும் போய்விடும். கிளெய்மே போடாமல் அதை இழப்பது இப்படித்தான்.

சிலர் வேறு வழி சொல்வார்கள்: கிளெய்ம் போட்டுவிட்டு, அடுத்த வருடம் வேறு கம்பெனிக்கு மாறி, கிளெய்ம் இல்லை என்று டிக் அடித்துவிடலாமாம். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால் சொந்தச் சேதப் பகுதியில் கிடைக்கவேண்டிய பலன் முழுவதையும் பறித்துக்கொள்ளலாம் என்று அந்த உறுதிமொழியிலேயே எழுதியிருக்கிறது. பெரிய விபத்து நடந்த அன்றைக்குத்தான் இது வெளியே வரும்.

எல்லா உரசலுக்கும் பட்டறைதான் என்று நான் சொல்லவில்லை. ஹெட்லேம்ப் உடைந்தால், ரேடாரோ கேமராவோ பொருத்திய பம்பர் அடிபட்டால், பட்டறை விலையே இருபது முப்பதாயிரத்தைத் தொட்டுவிடும். அங்கே கிளெய்ம்தான். பம்பர் வெளியே நன்றாக இருந்து உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருப்பதும் உண்டு, கழற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். யாருக்காவது காயம் பட்டிருந்தால் இந்தப் பேச்சே கிடையாது. அந்த நிமிடமே கம்பெனிக்கும் போலீசுக்கும் சொல்லிவிடவேண்டும்.

புதுப்பித்தல் வந்தபோது என்சிபி புரொடெக்ட் என்ற கூடுதல் கவரை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். வருடத்தில் ஒரு கிளெய்ம் வரை போனஸ் குறையாது என்பது அதன் வாக்குறுதி. நிபந்தனையைப் படித்தால், இதே கம்பெனியில் புதுப்பித்தால் மட்டும்தான். என் 8,000 ரூபாய் ஓடிக்கு, மாறவும் முடியாமல் கட்டிப்போடுகிற அந்த கவர் வேண்டாம் என்று விட்டேன். புது வண்டி வாங்கினால், ஓடி இருபதாயிரம் பக்கம் இருக்கும்போது, மறுபடி விலை கேட்பேன்.

அதற்குப் பதிலாக நான் கேட்டது யாரும் விற்க முன்வராத ஒன்று: விருப்பக் கழிவு. 2,500-இலிருந்து 15,000 வரை சில படிகள் உண்டு, கட்டாயக் கழிவுக்கு மேல் அந்தத் தொகையை நாமே ஏற்கிறோம் என்று எழுதிக்கொடுத்தால் ஓடி பிரீமியத்தில் தள்ளுபடி. ஆறாயிரத்துக்குக் கீழே எப்படியும் கிளெய்ம் போடப்போவதில்லை என்று கணக்கு சொல்லிவிட்டது, பிறகு அந்தப் பகுதிக்கும் சேர்த்து எதற்கு பிரீமியம் கட்டுவது? 5,000 படியைக் கேட்டேன். கஸ்டமர் கேர் பெண் இரண்டு தடவை, "குறைக்கணுமா மேடம், கூட்டணுமா?" என்று உறுதி செய்துகொண்டார். கூட்டத்தான் என்றேன்.